அறை அறையாகப் படித்தவளுக்கு

அன்புள்ள மகளே என்று ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினேழு வயதுக்காரி முப்பத்தாறு வயதுக்காரியை மகளே என்று கூப்பிட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஆனால் அம்மா, நீ என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுகிறாய். வில்பட்டியில் எல்லாப் பெண்பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், யாரும் அதற்கு அர்த்தம் பார்ப்பதில்லை. நான்தான் இந்த ஒன்றரை வருடத்தில் அர்த்தம் பார்க்கிறவளாகிவிட்டேன். விடியும் முன் உன்னை எழுப்பிப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைக்கிறேன். சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றி விடுகிறேன். சாயங்காலம் நீ வந்ததும் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்கிறேன், முகம் வாடியிருந்தால் கேட்காமல் விடுகிறேன். படிக்கிற பெண்ணை வைத்திருக்கிற எந்தத் தாயும் செய்கிற வேலைதானே இது. அதனால் இதை ஒரு தாய் வளர்ந்த மகளுக்கு எழுதுகிற கடிதமாகவே நினைத்துப் படி. கூச்சமாகத்தான் இருக்கிறது. வாயால் சொல்வதற்கு இருக்கிற கூச்சத்தை விட இது குறைவு.

உன்னிடம் பேசச் சொன்னது அப்பாதான். செவ்வாய்க்கிழமை காரட் லோடு இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பி வந்தவர், நீ இன்னும் வரவில்லை என்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. வெள்ளிக்கெழம அந்த சூப்பர்வைசர் பதில் கேக்குறாராம்ல. இன்சார்ஜ் வேலைய வாங்கிக்கட்டும். படிச்சது போதும்" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். "நான் சொன்னா சண்ட வரும். நீ சொன்னா அழுதுக்கிட்டாவது கேப்பா" என்றார். எனக்கும் அதுதான் பயம். ஹோட்டலில் அறை வேலைக்கு இன்சார்ஜ் ஆனால் நீ அறை துடைக்க வேண்டாம், முதுகு வலிக்காது. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை கையில் போனை வைத்துக்கொண்டு யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், லீவு நாளிலும் கூப்பிடுவார்கள். அதை ஏற்றுக்கொண்டால் படிப்பு முடிந்தது. வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு வருடம் அறை துடைத்துக்கொண்டே படித்து, வருகிற மே மாதம் மறுபடியும் நீட் எழுதலாம். இந்த இரண்டில் எதைச் செய் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமாம். இரண்டு நாளாக யோசித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு உன் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவேன். அறைகளை முடித்துவிட்டு மதியம் உட்காரும்போது படி.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு உன்னைவிட நன்றாகவே இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் தடித்த உயிரியல் கைடு ஒன்றை அறையில் விட்டுவிட்டுப் போனது. ஹோட்டல்காரர்கள் எடுத்து வைத்திருந்தார்கள், யாரும் கேட்டு வரவில்லை. பழைய பேப்பரோடு போடச் சொன்னபோது நீ வீட்டுக்கு எடுத்து வந்தாய். நான் முதலில் எனக்காகத்தான் எடுத்து வந்தாயோ என்று பயந்துபோனேன். நீ அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அதை விரித்து, பழைய ஆல்பம் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு படமாகப் பார்த்தாய். பன்னிரண்டாம் வகுப்பில் நீ அறிவியல் குரூப் எடுத்துப் படித்ததும், அந்த லீவிலேயே கல்யாணம் ஆனதும் எனக்குத் தெரியும், ஆனால் உனக்குள் அது இன்னும் கிடக்கிறது என்று தெரியாது. நீட் தேர்வுக்கு மேல் வயது வரம்பு கிடையாதாம் என்று ஒரு நாள் நீயே சொன்னாய். எதற்கு டாக்டர் என்று நான் கேட்டதற்கு, "எனக்குப் புடிக்குது தாயி. அதுக்கு மேல கேக்காத" என்றாய்.

பஜாரில் பாய் கடையில்தான் பாடப்புத்தகங்கள் வாங்கினாய். நீ படித்த காலத்துப் புத்தகங்கள் எல்லாம் மாறிவிட்டன, பதினொன்று பன்னிரண்டு இரண்டும் புதிதாக வேண்டியிருந்தது. கட்டு கட்டும்போது அவர், மகளுக்கா என்று கேட்டார். நீ ஆமாம் பாய் என்று சொல்லிவிட்டாய். நான் உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு நீட் படிக்கிறவள் நான்தான். பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள், தலையாட்டுவேன். பாய் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனால், "நல்லா படிம்மா, நம்ம மலைக்கு ஒரு டாக்டரு வரட்டும்" என்பார், அதற்கும் தலையாட்டுவேன். ஒன்பதாவதைக்கூட முடிக்காத ஒருத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று இந்த ஊர் எப்படி நம்பியது என்று தெரியவில்லை. வீட்டை விட்டு அதிகம் வராத பிள்ளை படிக்கிற பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. அப்பாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவர் அப்போது கேலிதான் செய்தார். "டாக்டரம்மா, இந்த இருமலுக்கு என்ன மருந்து?" என்று கேட்பார். நீ புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், "பீடிய விடுங்க. பீஸ வச்சுட்டுப் போங்க" என்பாய். அந்த நாட்களில் வீட்டில் சிரிப்பு இருந்தது.

பகலெல்லாம் வேலை பார்க்கிறவள் எப்போது படிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. நான் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலையில் வேதியியல், ராத்திரி இயற்பியல், ஞாயிற்றுக்கிழமை திருப்புதல். ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி நீ புத்தகத்தின் மேலேயே தூங்கினாய். ஒரு நாள் பஸ்ஸில் தூங்கி, வில்பட்டியில் இறங்காமல் பள்ளங்கி வரை போய்விட்டாய். அங்கிருந்து மழையில் நடந்து வந்தாய். நான் ரோட்டில் குடையோடு நின்றேன். கிட்டே வந்ததும் நீ திட்டவில்லை, அட்டவணையைக் கிழித்துவிடு தாயி, எனக்கு வேறு வழி கிடைத்திருக்கிறது என்றாய். குளிரில் உதடு நடுங்கியது, ஆனால் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். இரண்டாவது மாடி முழுக்க உன் பொறுப்பு. ஒவ்வொரு அறையிலும் ஒரு பாடத்தை வைத்தாய். இருநூற்று ஒன்று செல். இருநூற்று நான்கு சிறுநீரகம். இருநூற்று ஏழு பூக்கும் தாவரங்கள், ஏனென்றால் அந்த அறையின் திரைச்சீலையில் பூப்போட்டிருக்கும். அறைக்குள் போனதும் அந்த அறையின் பாடத்தை மட்டும் வாய்க்குள் சொல்வாய். இருநூற்று நான்கில் படுக்கை விரிப்பை உதறும்போது நெஃப்ரான், பீங்கான் கோப்பையைக் கவிழ்க்கும்போது பௌமானின் கிண்ணம், குளியலறையில் வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்து கிடக்கும் குழாயைத் துடைக்கும்போது ஹென்லே வளைவு. மறுநாளும் அதே அறை, அதே பாடம். தினமும் துடைத்தால் தரை அழுக்காகாது, அது மாதிரி பாடமும் மறக்காது என்றாய். சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டே அறை எண்ணைச் சொல்லிக் கேட்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு முதலில் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைச் சொல்வாய், ஏரி, படகு, குதிரைக்காரர்கள். அதற்குப் பிறகு பாடம் தானாக வரும். இயற்பியல் மட்டும் எந்த அறையிலும் தங்கவில்லை. துணி வைக்கிற அறையில் வைத்துப் பார்த்தாய், மாடிப்படியில் வைத்துப் பார்த்தாய். அது பாதிப் படியிலேயே உருண்டு விழுந்துவிடுகிறது என்று சொல்லிச் சிரித்தாய். போகட்டும், மற்றது நிற்கிறதே என்று நான் நினைத்தேன். படித்தவர்கள் யாரையாவது கேட்டிருந்தால் இது சரியான முறையா என்று சொல்லியிருப்பார்கள். நமக்குக் கேட்க ஆளில்லை. நீ யாரிடமும் சொல்லவில்லை, நான் யாரிடமும் பேசுவதில்லை.

சீசன் தொடங்கும் முன் உன்னைக் காட்டேஜ்களுக்கு மாற்றிவிட்டார்கள். கீழே பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற தனி வீடுகள். பெரிய குடும்பங்கள் தங்குகிற இடம், அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் உன்னைத்தான் தேர்ந்தெடுத்தார். மற்றவர்களுக்குப் பொறாமை. நீ அவரிடம் போய், மாடியிலேயே இருந்துகொள்கிறேன், எனக்கு அங்கேதான் ஒத்துவருகிறது என்று கெஞ்சினாய். காரணத்தை எப்படிச் சொல்ல முடியும்? இருநூற்று நான்கில் என் சிறுநீரகம் இருக்கிறது என்றா சொல்வாய்? அவர், "ஏங்க்கா, மேல என்ன பொதையலா கெடக்கு?" என்று கேட்டாராம். நீ சிரித்துவிட்டு வந்துவிட்டாய். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

பாடங்களைக் காட்டேஜ்களுக்குக் கொண்டுவர முயற்சி செய்தாய். மாடியில் ஒன்பது அறைகள், கீழே நான்கு வீடுகள். ஒரு வீட்டில் மூன்று பாடம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கட்டில் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது, குழாய்கள் சுவருக்குள் மறைந்திருந்தன. "நெஃப்ரான் வரவே மாட்டேங்குது தாயி. அங்க போனா பைன் மரந்தான் தெரியுது" என்றாய். அறைகளையெல்லாம் மறந்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படி, எல்லாரும் அப்படித்தானே படிக்கிறார்கள் என்று நான் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். எல்லாரும் அறை துடைத்துக்கொண்டு படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா? வேறு என்ன சொல்வது என்று தெரியாதபோது கோபம் வந்துவிடுகிறது. அம்மாக்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. கீழே வெயில் தாங்காமல் நாடே மலைக்கு ஏறி வருகிற மாதம் மே. அந்த மாதத்தின் தொடக்கத்தில்தான் தேர்வையும் வைக்கிறார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஹோட்டலில் அப்போது சொந்த வீட்டுச் சாவு என்றால்கூட லீவு கிடைப்பது கஷ்டம். நீ மூன்று முறை கேட்டு மூன்று முறையும் இல்லை என்றார்கள். கடைசியில் என் மகளுக்கு நீட் பரீட்சை, திண்டுக்கல்லில் சென்டர், அவள் தனியாகப் பேசக்கூட மாட்டாள் என்றாய். சூப்பர்வைசர் உடனே கொடுத்துவிட்டார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா, பிள்ளை படிப்பைவிடவா ரூம் பெரிசு என்று கேட்டாராம். நல்ல மனிதர்தான். உனக்காகக் கேட்டபோது கிடைக்காதது எனக்காக என்றதும் கிடைத்தது. அன்று நீ அதைச் சொல்லிச் சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா நம் இருவரையும் லோடு வண்டியில் வத்தலக்குண்டு வரை கொண்டுவந்து விட்டார். நாம் இறங்கிக்கொண்டிருந்தோம், எதிரே கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன, நின்று நின்று. மலையில் ஏறுகிற யாருக்கும் தெரியாது, பூண்டு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து போகிற இந்தப் பெண் டாக்டர் பரீட்சைக்குப் போகிறாள் என்று. திண்டுக்கல் வெயில் நம் இருவருக்கும் ஆகவில்லை. சென்டர் வாசலில் இருந்த காவலாளி என்னைப் பார்த்து, "ஏம்மா நிக்கிற, வெரசா உள்ள போ, அம்மா வெளிய இருக்கட்டும்" என்றார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன். அவர் என் தோளைத் தொட்டு உள்ளே தள்ளவே பார்த்தார். நீதான் ஹால் டிக்கெட்டை நீட்டினாய். அவர் அதில் இருந்த போட்டோவைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

உலோகம் எதுவும் கூடாது என்று சோதிக்கிற பெண் சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் கம்மலைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ மெட்டியைக் கழற்றினாய், மூக்குத்தியைத் திருகிக் கழற்றினாய், கடைசியில் தாலிச் செயினையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினாய். பத்திரம் தாயி என்றாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, நீ பார்க்காமல் போய்விட்டாய். வெளியே ஒரு வேப்பமரத்தடியில் பெற்றோர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். ஓர் அம்மா எனக்குப் புளிசாதம் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பது அக்காவா தங்கச்சியா என்று கேட்டார். அம்மா என்றேன். அவருக்குக் காதில் சரியாக விழவில்லை போல, நல்லபடியாக எழுதுவாள், கவலைப்படாதே என்றார். அந்த மரத்தடியில் இருந்த ஒருவருக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

மணி அடித்து எல்லோரும் வந்த பிறகு நீ கடைசியில் வந்தாய். எப்படி என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு நீயே சொன்னாய். "ரூம் எல்லாம் பூட்டிக் கெடந்துச்சு தாயி." எனக்குப் புரியவில்லை. சிறுநீரகத்தில் கேள்வி வந்திருக்கிறது. நீ மனதுக்குள் மாடி ஏறி இருநூற்று நான்குக்குப் போயிருக்கிறாய். "கதவத் தட்டிட்டு நின்னுட்டேன். உள்ள ஆள் இருந்தா நம்ம போகக் கூடாதுல்ல" என்றாய். அத்தனை வருடப் பழக்கம். தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் வரச் சொன்னால்தான் போக வேண்டும். யாரும் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். தாலிச் செயின் என் கைக்குள்ளேயே இருந்தது, வத்தலக்குண்டில் அப்பா வண்டியோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

ரிசல்ட் வந்த அன்று நல்ல மழை. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாய். ஆனால் சீட்டு கிடைக்க அது போதாது. முழுசாகத் தோற்றிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது, கோபித்துக்கொள்ளாதே. நீ போனை வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினாய். பாய் கடையில் என்னிடம் எவ்வளவும்மா மார்க்கு என்று கேட்டார்கள். பத்தவில்லை என்றேன். விடும்மா, அடுத்த வருசம் எடுத்துவிடலாம் என்று சொல்லி ஒரு பேனாவைச் சும்மா கொடுத்தார். எனக்குச் சொன்ன ஆறுதலை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். பேனாவையும் கொடுத்தேன். நீ வாங்கி ஜன்னலில் வைத்தாய். அந்த வாரத்தில்தான் சூப்பர்வைசர், மகளைக் காலேஜில் சேர்த்தால் செலவு இருக்குமே அக்கா, இன்சார்ஜாக வந்துவிடுங்கள் என்று சொன்னாராம். எனக்காகத்தான் அந்த வேலையும் வந்திருக்கிறது. எல்லாம் என் பெயரில் வருகிறது, எனக்கு அதில் எதுவும் இல்லை.

நேற்று அப்பா மறுபடியும் கேட்டார், சொன்னாயா என்று. இல்லை என்றேன். அவர் வண்டியின் டயரைக் காலால் தட்டிக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கி வத்தலக்குண்டுல இருந்து வண்டியில உன் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்தால்ல, செத்த பொணம் மாதிரி கெடந்தா. அடுத்த தடவையும் அப்படிப் பாக்க என்னால முடியாதுத்தா" என்றார். கேலி செய்த மனிதர்தான். உன்மேல் இருக்கிற கோபத்தில் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன், பேச முடியாவிட்டாலும் மனதுக்குள் எதிர்த்திருப்பேன். அவருக்கு இருப்பது பயம். அது எனக்கும் இருக்கிறது.

அடுத்த வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டுப் பார்த்தேன். மழைக் காலத்தில் அறைகள் காலியாக இருக்கும், அப்போது இயற்பியலை முடித்துவிட வேண்டும். பூஜை விடுமுறைக்குக் கூட்டம் வரும் முன் வேதியியல். டிசம்பரில் படிக்கவே முடியாது, அதை எண்ணாமல் விட்டுவிட வேண்டும். சீசனுக்கு முன்னால் உயிரியல் எல்லாவற்றையும் இன்னொரு முறை. பாடங்களை ஹோட்டலில் வைக்கக் கூடாது, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றுவார்கள். நம் வீட்டில் வைக்கலாம் என்றால் நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. இவ்வளவு யோசித்த பிறகு இதில் எதுவும் உனக்குத் தெரியாதது இல்லை என்று புரிந்தது. மழைக் காலத்தில் அறை காலியாக இருந்தால் பாதிப் பேரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்வார்கள், அதுவும் உனக்குத் தெரியும். ஒளியியலில் ஒரு கணக்கை நீ என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு விடை சரியா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். உனக்கு வேண்டியது சொல்லித் தருகிற ஒருவர். வீட்டில் இருப்பது நான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஒன்பதாவது. வகுப்பில் எழுந்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். மறுநாள் நான் எழுந்திருக்கவில்லை, அதற்கு மறுநாளும். நீ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனாய். அது அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் போர்வைக்குள் கிடந்து உன் காலடிச் சத்தம் ரோடு வரை போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து அடித்து இழுத்துக்கொண்டு போவாய் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். நீ இழுத்திருந்தால் நான் வந்திருப்பேனா? வந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நீ ஏதாவது சொல்லியிருக்கலாம். தப்பாகவாவது சொல்லியிருக்கலாம். எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நான் அந்தப் போர்வைக்குள்ளேயே தங்கிவிட்டேன்.

அதனால் உன்னை நான் அப்படி விடமாட்டேன். எனக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன். இன்சார்ஜ் வேலையை எடுத்துக்கொள் அம்மா. உன் விரல் இடுக்கெல்லாம் பினாயிலில் வெந்து கிடக்கிறது. நீ நின்றுகொண்டே தூங்குகிறாய். இன்னொரு தடவை அந்த வாசலில் நீ கடைசியில் நடந்து வருவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. புத்தகங்களைப் பாய் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், மகளுக்குப் படிக்க விருப்பமில்லை என்று சொல்லிவிடு, அதையும் நான் தலையாட்டி ஒத்துக்கொள்கிறேன். அப்பா சொல்லச் சொன்னதால் இதைச் சொல்லவில்லை. ஒரு தாயாக எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சொல்லிவிட்டேன். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுப்பாய். நீ அப்படிச் செய்வாய் என்கிற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து கேட்கும்போது தயவுசெய்து என் பேச்சைக் கேட்டுவிடாதே.